காணிக்கைப் பவனியில் வந்த பேஸ் கிட்டார்

இயேசு மரி சூசை துணை

முதலியார்பேட்டை,
26-8-2025

அன்பு மகன் ஜெஸ்வினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் துலூஸில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல், வேலை செய்யும் இடத்தில் யாரோடும் முட்டிக்கொள்ளாமல் சுகமாக இருக்க தேவமாதாவை வேண்டிக்கொள்கிறேன். உடம்பளவில் என்று எழுதியிருப்பதைக் கவனித்தாயா, கவனிக்காவிட்டால் இன்னொரு தடவை படித்துக்கொள். மூன்று ஞாயிறாக நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள், அம்மாவுக்குத் தலைவலி, அம்மா மாடியில் துணி எடுக்கிறாள் என்று அப்பா சொன்னதெல்லாம் பொய். நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் நீ என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், எனக்கு இப்போது சிரிக்க விருப்பமில்லை, அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவின் முழங்காலைக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் காட்டினோம், எலும்பில் ஒன்றுமில்லை, படி ஏறி இறங்குவதைக் குறைக்கச் சொன்னார்கள். அவர் அதை நடக்கவே கூடாது என்று புரிந்துகொண்டு பால் வாங்கப் போவதையும் என் தலையில் கட்டிவிட்டார். மோட்டார் ஒரு வாரம் ஓடாமல் கிடந்து இப்போதுதான் தண்ணீர் ஏறுகிறது. இனி கடை விஷயம். ஜனவரியில் ஊருக்குள் ஒரு பெரிய மியூசிக் கடை திறந்தார்கள் என்று சொன்னேனே, சென்னை, பெங்களூர் என்று எல்லா ஊரிலும் கிளை வைத்திருப்பவர்கள், அங்கே நானே ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நம்மைத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லாததால் கஸ்டமர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போனேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. சுவர் முழுக்க பேஸ் கிட்டார், ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசித்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் பத்து நாளில் மாற்றிக்கொள்ளலாம், ஏசி வேறு. நம் கடையில் இருப்பது ஒரு ஃபேன், நான்கு பேஸ் கிட்டார், நான். வாசிக்கத் தெரியாத நான்தான் இருபத்திரண்டு வருடமாக இந்த முதலியார்பேட்டை ரோட்டில் கிட்டார் விற்கிறேன், ஆனால் கழுத்து வளைந்திருக்கிறதா, ஸ்ட்ரிங் உயரம் சரியாக இருக்கிறதா என்று கையில் எடுத்தவுடன் சொல்வேன், அது உனக்கும் தெரியும்.

அரியாங்குப்பத்திலிருந்து ஆனந்தராஜ் என்று ஒரு காலேஜ் பையன் வந்தான். ஒரு மணி நேரம் நம் கடையில் வாசித்துப் பார்த்தான், எது நல்லது என்று கேட்டு என் கையாலேயே ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டான், அந்தச் சீட்டோடு போய் அந்தப் பெரிய கடையில் வாங்கிவிட்டான். அடுத்த வாரம் ஸ்ட்ரிங் இரைகிறது ஆன்ட்டி என்று என்னிடமே கொண்டுவந்தான், நானும் சரிசெய்து கொடுத்தேன். எனக்கு அவன் மேல் துளிகூடக் கோபமில்லை. வாங்குகிறவன் நாலு இடம் பார்த்து வாங்குவான், அவன் என்ன எனக்கு ஞானஸ்நானப் பிள்ளையா. இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், பெரிய கடைக்காரனைப் பார்த்து வயிறு எரிகிறவள் உன் அம்மா என்று நீ நினைத்துவிடக் கூடாது.

நம் கோவில் பாடகர் குழுவில் நீ வாசித்த பழைய பேஸ் கிட்டார் உப்புக் காற்றில் கழுத்து வளைந்து போய்விட்டது. நீ போன பிறகு அதை வாசிப்பது பெனிஷா, பிளஸ் டூ படிக்கிற பெண், இடது கைக்காரி. இரண்டு வருடமாக அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தடித்த ஸ்ட்ரிங் கீழே இருக்க, தட்டுத் தடுமாறி வாசித்து வந்தாள். ஜூன் நடுவில் குழுத் தலைவர் அந்துவான் கடைக்கு வந்து, புள்ளைக்கு ஒரு நொட்டாங்கை பேஸ் பாத்துக் குடுங்கக்கா, உங்களை வுட்டா யாருக்குத் தெரியும் என்றார். இடது கை பேஸ் கிட்டாரை எந்த டீலரும் சும்மா வாங்கி வைக்க மாட்டான், சொல்லி வரவழைத்தால் திரும்ப எடுக்கவும் மாட்டான். அது தெரிந்தேதான் சொல்லிவைத்தேன். அந்தப் பெண்ணுக்கு விரல் குட்டை, அதனால் அவள் கையை ஒரு பழுப்புத் தாளில் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்து, அந்தத் தாளையே டீலருக்கு அனுப்பினேன், கழுத்து கொஞ்சம் நீளம் குறைந்ததாக வேண்டும் என்று. ஏழு வாரம் ஆயிற்று. வந்ததும் நானே சென்னைக்குப் பஸ் ஏறிப் போய், முதலில் காட்டியது சரியில்லை என்று தள்ளிவிட்டு, இரண்டாவதை எடுத்துவந்தேன். இவ்வளவையும் ஒவ்வொரு ஞாயிறும் உன்னிடம் சொன்னேன் ஜெஸ்வின். இடது கை என்று சொன்னேன், தாளில் கை வரைந்ததைச் சொன்னேன், சென்னைக்குப் போய் வந்ததைச் சொன்னேன். நீ சரிம்மா, சூப்பர்மா என்றாய்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை பங்கு அலுவலகத்திலிருந்து பிலோமினா போன் செய்தாள். நாளைக்கிப் பூசையில காணிக்கைப் பவனியில நீங்களும் சாரும்தான் பேஸ் கிட்டாரைத் தூக்கிட்டு வரணும்க்கா, சாமியார் மந்திரிக்கப் போறாரு என்றாள். நம் கோவிலில் யார் ஃபேன் வாங்கிக் கொடுத்தாலும், மைக் வாங்கிக் கொடுத்தாலும், கொடுத்தவரே அதைப் பவனியில் பீடம் வரைக்கும் தூக்கிப் போவதுதானே வழக்கம், கொடுத்தவர் வெளிநாட்டில் இருந்தால் அவரைப் பெற்றவர்கள் தூக்குவார்கள். அந்தப் பிற்பாதி என் புத்தியில் உறைக்கவே இல்லை. நான் வாங்கிய விலைக்கே கோவிலுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன், அதற்காக மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. ஊதா பட்டுப்புடவையை எடுத்து இஸ்திரி போட்டேன். அப்பாவைக் கூப்பிட்டால் முழங்கால் வலி, நீ மட்டும் போய் வா என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் பேஸ் கிட்டாரின் கழுத்தில் ஒரு முழம் மல்லிகைப் பூவைச் சுற்றி, ஆட்டோவில் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

கோவில் வாசலில் மேசை மேல் அப்பம், திராட்சை இரசம், பழத்தட்டு, பக்கத்தில் ஒரு புது பேஸ் கிட்டார். உறையில் அந்தப் பெரிய கடையின் ஸ்டிக்கர். பிலோமினா என் கையில் இருப்பதைப் பார்த்து, இது எதுக்குக்கா, உங்க பையன் அனுப்புனதுதான் வந்துடுச்சே என்றாள். எனக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். பாட்டு ஆரம்பித்துவிட்டது. நான் கொண்டுபோனதைச் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, நீ அனுப்பியதைத் தூக்கிக்கொண்டு பீடம் வரைக்கும் நடந்தேன். பிரான்சில் வசிக்கும் நம் பங்கின் மைந்தர் ஜெஸ்வின் அன்பளிப்பு என்று மைக்கில் வாசித்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார், எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வேறு என்ன செய்ய. இந்த முகத்தைத்தான் நீ வீடியோவில் பார்த்துவிட்டு, அம்மா புடவையில சூப்பரா இருக்காங்க என்று பழைய பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் இதயம் போட்டிருக்கிறாய்.

வீடியோவில் வராததை நான் சொல்கிறேன். பெனிஷா அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிப் பார்த்தாள். வலது கை பேஸ் கிட்டார். பழையதை விடக் கனம், கழுத்தும் நீளம். தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் வார் நிற்கவில்லை, குமிழ்கள் முழங்கையில் இடிக்கின்றன. ஒரு பாட்டு முயன்றுவிட்டுக் கீழே வைத்துவிட்டாள், மீதிப் பூசைக்குக் கீபோர்டு மட்டும்தான். அந்தப் பெண் அழவில்லை, என்னைத்தான் பார்த்தாள், நான் ஏதோ செய்துவிட்டேன் என்பது போல. ஏழு வாரமாக நான் யாருடைய கையைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்தாய் ஜெஸ்வின். வேறு யாரோ வாடிக்கைக்காரர் என்று நினைத்தாயா, அல்லது போனை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தாயா. இரண்டில் எது என்று எழுது.

மறுநாள் அந்துவான் கடைக்கு வந்து, ஸ்ட்ரிங்கைக் கழற்றி மாற்றிப் போட்டு இதையே இடது கைக்கு ஆக்க முடியாதா என்று கேட்டார். மேலே ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளங்களை ராவ வேண்டும், ராவினால் நல்ல பேஸ் கிட்டார் ஒன்று வீணாகும், அப்படியும் அவளுக்குப் பொருந்தாது என்றேன். உன் மேல்தான் எனக்குக் கோபம், அந்த மரத்தின் மேல் இல்லை. அப்படியானால் கடைக்கே அனுப்பி மாற்றிவிடுங்கள் என்றேன். மந்திரிச்ச பொருளை எப்டிக்கா ரிட்டன் பண்றது, பாவமில்லையா என்று அவர் நடுங்கினார். சாமியாரைக் கேட்கவே ஒரு வாரம் பயந்தார். சாமியார் சிரித்துவிட்டு, தண்ணி காஞ்சிடும் அந்துவான், தாராளமா அனுப்பு என்று சொன்னபோது பத்து நாள் தாண்டிவிட்டது. நானே அந்தக் கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன், வாங்கியவர்தான் பேச வேண்டும் என்றார்கள். நான் அவன் அம்மா என்றேன். அம்மாவா இருந்தாலும் முடியாது மேடம் என்று அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஆனால் அதெல்லாம் பெரிதில்லை. அந்துவான் அந்தத் திங்கட்கிழமை கடையிலிருந்து கிளம்பும்போது, எங்க மேல வருத்தப்படாதீங்கக்கா, கடையை இந்த வருஷம் மூடப் போறீங்கன்னு ஜெஸ்வின் சொன்னான், அம்மாவைத் தொந்தரவு பண்ணாதீங்க நானே அனுப்பிடறேன், அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்னான், நொட்டாங்கைன்னு நீங்க அவனுக்குச் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சோம், அதான் நாங்க சும்மா இருந்துட்டோம் என்றார். என் கடையை மூடப் போகிற செய்தியை அந்துவான் வாயால் கேட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவை உலுக்கினேன், முழங்காலைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கக்கிவிட்டார். மே மாதத்திலிருந்தே நீங்கள் இருவரும் பேசிவருகிறீர்களாம். செல்போன் கடை வைக்க நம் கடை இடத்தை ஒருவர் கேட்கிறாராம், பெயர் இராமதாஸாம். நான் அந்தப் பெண்ணுக்காகச் சென்னைக்குப் போயிருந்த அன்றைக்குத்தான் அவரைக் கூட்டிவந்து, ஷட்டரைத் திறந்து, டேப் வைத்துத் தரையை அளக்க விட்டாராம் உன் அப்பா. அவளுக்கு வயசாயிட்டுது, சொன்னா சண்டை போடுவா, மெதுவாப் பக்குவமா சொல்லலாம்னு புள்ளதான் சொன்னான் என்றார். அந்தப் பெரிய கடை எனக்கு ஒரு துரோகமும் செய்யவில்லை ஜெஸ்வின், அது யார் ஆர்டர் போட்டாலும் அனுப்பும். எனக்குத் தெரியாமல் என் தரையை அளந்தது என் வீட்டு மனிதர்கள். எனக்கு நெஞ்சு வெந்துவிட்டது, இன்னும் ஆறவில்லை.

தேவமாதா திருநாளுக்குள் பெனிஷாவைக் கடைக்கு வரச்சொல்லி, இடது கை பேஸ் கிட்டாரை மாட்டிவிட்டு, வார் நீளத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டேன். பதினைந்தாம் தேதி பூசையில் நன்றாக வாசித்தாள், ஒரு தடவைகூடக் கையைப் பார்க்காமல் வாசித்தாள். பெயரை வாசிக்கட்டுமா என்று சாமியார் கேட்டதற்கு வேண்டாம் என்றேன். பணிவு ஒன்றுமில்லை, உன் பெயருக்குப் பிறகு என் பெயர் வருவதைக் கேட்க எனக்கு மனமில்லை. நீ அனுப்பியது பாடகர் குழு அலமாரிக்குப் பின்னால் உறையோடு நிற்கிறது.

ஆண்டவர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், தேவமாதா உன் போக்கிலும் வரத்திலும் துணை இருக்கட்டும். குளிர் தொடங்கும் முன்னே தடித்த போர்வை வாங்கிக்கொள், ஞாயிறு பூசையை விடாதே, அப்பாவோடு பேசு, அவர் மேல் நான் கோபமாக இருப்பதற்காக நீ அவரை விட்டுவிடாதே. ஒன்றை மட்டும் உனக்குச் சொல்லி முடிக்கிறேன், இது அப்பாவுக்கும் தெரியாது. எனக்கும் முடியவில்லைதான். ஷட்டரைத் தூக்கினால் வலது தோள் பிடித்துக்கொள்கிறது, மத்தியானம் கல்லாவிலேயே கண் சொருகுகிறது. பெனிஷாவுக்கு இந்த ஒன்றை நல்லபடியாக முடித்துக் கொடுத்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது உன்னை எதிரில் உட்கார வைத்து, போதும்டா கண்ணு, மூடிவிடட்டுமா என்று கேட்பதாக இருந்தேன். உன்னைக் கேட்காமல் செய்யக் கூடாது என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். அந்த இராமதாஸை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டேன், கடை திறந்திருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
ஸ்டெல்லாமேரி