பிள்ளைக் காம்பராவின் கூரையை உடைக்க விடவில்லை, அண்ணே

என் பிரியமுள்ள செல்வம் அண்ணனுக்கு,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் நம் தேயிலைத் தோட்டத்தில் ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இருபது வருடம் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் உத்தியோகத்தர் வீடுகளுக்கும் அஸ்பெஸ்டஸ் தகடு அறுத்துக் கூரை போட்டாய். சாயங்காலம் தலை, புருவமெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வருவாய். பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்ட பிறகுதான், அந்தத் தூசி உன் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது என்று நமக்குத் தெரிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாய்: "இத்தன வருசத்துல ஒருத்தர்கூட ஏன் சொல்லல?" யாரிடம் போய்க் கேட்பது அண்ணே?

போன மாதம் கூரை வேலைக் கொந்தராத்துக்காரர் ஒருவர், தாய்மார் வேலைக்குப் போகும்போது நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். பழைய அஸ்பெஸ்டஸ் கூரையை எடுத்துவிட்டுத் தகரம் போட வேண்டுமாம். உள்ளே என் பொறுப்பில் பதினொரு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவருடைய ஆள் அதற்குள் ஏணியில் ஏறிச் சுத்தியலை ஓங்கிவிட்டான்.

"எறங்குங்க!" என்று கத்தினேன்.

கொந்தராத்துக்காரர் சிரித்தார். "முப்பது வருசமா இதத்தான் ஒடைக்கிறேம்மா. எனக்கு என்ன ஆச்சு?"

"எங்க அண்ணனும் தனக்கு ஒண்ணும் ஆகலன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தாரு. இப்ப அவரு இல்ல."

பிள்ளைகளை எழுப்பி வெளியே கூட்டிவந்தேன். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தாய்மாருக்குச் சொல்லி அனுப்பினேன். கூடையோடு இறங்கி வந்தவர்கள், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

தோட்டத்தை நடத்தும் துரை வந்தார். "வேலய விட்டுட்டு இங்க என்ன?" என்றார்.

"எங்க புள்ளைங்க தூங்குற எடம், தொரை. தூசி பறக்காம எடுக்கச் சொல்லுங்க, இப்பவே மலைக்குப் போறோம்" என்றாள் அந்தத் தாய்மாரில் ஒருத்தியான முனியம்மா.

துரை என் பக்கம் திரும்பினார். "ஒன் வேலயப் பத்தி யோசிச்சியா?"

வாசலை விட்டு நகராமல் சொன்னேன் அண்ணே: "யோசிச்சுட்டுத்தான் நிக்கிறேன், தொரை."

துரை வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வாரம் பிள்ளைகளைக் கோயில் மண்டபத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு முகமூடியும் உடம்பை மூடும் உடுப்புமாக ஆட்கள் வந்தார்கள். தகடுகளைத் தண்ணீரால் நனைத்து, ஆணியைக் கழற்றி, உடையாமல் இறக்கித் தடித்த பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோனார்கள். அன்று சுத்தியல் ஓங்கியவனும் அவர்களில் ஒருவன். வேலை முடிந்ததும் என்னிடம் வந்து, "அக்கா, முன்னாடி நான் ஒடைச்சதெல்லாம்?" என்றான். மறுநாளே அவனைப் பதுளைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினேன். வருடா வருடம் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்.

உன் வீட்டில் சமைக்கிற குசினிக்கு மேல் நீயே போட்ட கூரையை எடுக்க அண்ணி சம்மதிக்கவில்லை. "அவரு கையால போட்டது" என்கிறாள். விரிசல் இல்லை, அதனால் இப்போதைக்கு விட்டுவிட்டேன். துளை போடவோ, பாசியைத் தேய்க்கவோ கூடாது என்று சொல்லியிருக்கிறேன். என்றைக்காவது வெடித்தால், நீ கோபித்தாலும் சரி, அதையும் நனைத்துத்தான் இறக்குவேன்.

இப்போது ஐந்தாம் லயத்தில் கூரை வெடித்துக் கிடக்கிறது. அதையும் நனைத்து இறக்கச் சொல்லிக் கேட்கத் திங்கட்கிழமை தாய்மாரோடு ஆபீசுக்குப் போகிறேன். என்னை வேலையை விட்டு நிறுத்தினாலும் அந்த லயத்து வாசலை விட்டு நகர மாட்டேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

உன் கூடப்பிறந்த, யாருக்கும் அடங்காத தங்கச்சி,
வசந்தா