சிவப்புக் காருக்கு வந்த புது சீட்

விக்கிரமங்கலம்
கார்த்திகை 24

அன்பு மகள் லாவண்யாவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்த ஜெர்மனிக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவும் நன்றாக இருக்கிறார் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இந்த நிலைமைக்கு வந்து நிற்கிறோம். தினமும் போனில் பேசுகிறோமே, அம்மாவுக்கு என்ன திடீரென்று கடிதாசி என்று நினைப்பாய். போனில் நான் தனியாக எப்போது பேசினேன், நீயே சொல். மணி அடித்ததும் அவர்தான் எடுக்கிறார், ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் மேல் வைக்கிறார், நான் வாயைத் திறந்தால் முறைக்கிறார். வாட்சப்பில் வருவதையும் போவதையும் எனக்கு முன்னால் அவர் படித்துவிடுகிறார். அதனால்தான் உன் பழைய காலேஜ் நோட்டில் தாள் கிழித்து, அவர் வயலுக்குப் போயிருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். நாளைக்கு ஜெயங்கொண்டம் போகும்போது நானே போஸ்ட் ஆபீசில் கொடுத்துவிடுவேன்.

விஷயம் நீ அனுப்பிய அந்த இரண்டு ஸ்போர்ட்ஸ் சீட்தான். அப்பாவின் அறுபத்தைந்தாவது பிறந்த நாளுக்கு என்று ஆசையாக அனுப்பினாய், அவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய சிவப்புக் காருக்கு அது மகுடம் மாதிரி இருக்கும் என்றாய். பெட்டி வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று லாவண்யா. பெரம்பலூரில் சுதர்சன் என்று ஒருத்தர் கார் சீட் பட்டறை வைத்திருக்கிறார், அவரிடம் மூன்று தடவை போய் வந்தாகிவிட்டது. முதல் தடவை போனபோது சீட்டில் இருக்கும் ஓட்டை ஒரு பக்கம், காரின் அடித்தளத்தில் இருக்கும் ஓட்டை இன்னொரு பக்கம். ஒண்ணும் சேரலீங்கம்மா, இரும்பு ஆங்கிள் வச்சு வெல்டிங் பண்ணித்தான் ஒக்கார வைக்கணும் என்றார். வைத்தார். சீட் இரண்டு அங்குலம் மேலே ஏறி, அப்பாவின் தலை கூரையில் முட்டியது. இவர் என்ன சொல்ல வேண்டும், கழட்டச் சொல்ல வேண்டாமா. தலையைச் சாய்த்துக்கொண்டே பெரம்பலூரிலிருந்து வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு வாரம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, நான்தான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். அன்றைக்கு நீ போனில் கேட்டதற்கு பிரமாதமா இருக்கு பாப்பா என்றார். பக்கத்தில் நான் எண்ணெய்க் கையோடு நிற்கிறேன்.

அப்புறம் ஆங்கிளை எடுத்துவிட்டு, சீட்டை முன்னே பின்னே தள்ளும் ரயிலையும் எடுத்துவிட்டு, நேராகத் தரையிலேயே போல்ட் போட்டு முடுக்கினார்கள். இப்போது வெளியே நின்று பார்த்தால் அவர் முடி மட்டும்தான் தெரிகிறது. சீட்டின் இரண்டு பக்கமும் கரை மாதிரி எழும்பி நிற்கிறதே, அது ஹேண்ட் பிரேக்கை மறைத்துக்கொள்கிறது, கையை இடுக்கில் விட்டுத் துழாவ வேண்டும். இதில் மேலே சுற்றி வந்த பாலிதீன் கவரை வேறு கிழிக்க விடமாட்டேன் என்கிறார். பாப்பா வந்து தன் கையால் கிழிக்கணும் என்று சுதர்சனிடமும் சொல்லிவைத்திருக்கிறார். உட்கார்ந்தால் வழுக்குகிறது, வேர்த்தால் ஒட்டுகிறது.

இதெல்லாம் கூடப் போகட்டும். போன ஆடியில் வரப்பில் வழுக்கி விழுந்தாரே, இடுப்பில் சின்ன விரிசல்தான், சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னோம். நானும் கூடச் சேர்ந்துதான் சொன்னேன், அது என் தப்பு. விரிசல் இல்லை, எலும்பே முறிந்துவிட்டது. திருச்சியில் பிளேட் வைத்துத்தான் அனுப்பினார்கள். தாழ்வான இடத்தில் உட்காரவே கூடாது, காரில் ஏறும்போது முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு அப்புறம் ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைக்க வேண்டும் என்று டாக்டர் என்னிடம் செய்துகாட்டினார். பழைய சீட் பலகை மாதிரி சமமாக இருந்தது, அதில் அவருக்கு அது சுலபமாக வந்தது. இந்தச் சீட்டில் அந்தக் கரையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்துதான் உட்கார வேண்டும்.

நீ முறையாகத்தான் கேட்டாய், இடுப்பு அளவு, தோள் அளவு, முதுகு உயரம் எல்லாம் அனுப்பச் சொன்னாய். அவர் அனுப்பியது எந்த அளவு தெரியுமா. போன வாரம் பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போனபோது டைலர் அண்ணாதுரை சொல்லித்தான் எனக்கே தெரியும். உன் கல்யாணத்துக்கு சஃபாரி தைத்தோமே, அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுக்கச் சொல்லி, அந்தப் பக்கத்தை போட்டோ பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். புதுசா அளந்துக்கலாம் அய்யான்னு சொன்னேம்மா, வேணாம்னுட்டாங்க என்கிறார் அண்ணாதுரை. பதினோரு வருஷத்துக்கு முந்தின மனுஷனுக்கு நீ சீட் வாங்கி அனுப்பியிருக்கிறாய். அங்கேயே எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறார். மத்தியானம் காரைத் துடைக்கிறேன் என்று ஷெட்டுக்குப் போனார். நான் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் ஆளைக் காணோமே என்று எட்டிப் பார்த்தால் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். என்னங்க என்றேன். சும்மாதான் ஒக்காந்திருக்கேன், நீ போய்க் காப்பி போடு என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன், குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். அரை மணி கழித்துப் போனால் இன்னொரு காப்பி வேண்டுமாம். சர்க்கரைக்குப் பயந்து ஒரு நாளைக்கு ஒரு காப்பிக்கு மேல் தொடாத மனுஷன். அடுப்படிக்குத் திரும்பும்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. பாலிதீன் கவர் சரசர என்கிறது, நிற்கிறது, மறுபடியும் சரசர என்கிறது. நான் நகர்ந்ததும் எழுந்திருக்கப் பார்க்கிறார், முடியவில்லை, விழுகிறார். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே, இரண்டு கையும் ஸ்டியரிங்கில், சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்திருக்கிறது. ஹாரன் அடிச்சிருக்கக் கூடாதா என்று கத்திவிட்டேன். ஊரே வந்துடும் தனம் என்றார். நம் வயலில் வேலை செய்யும் ஆண்டாயியைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினோம். வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு முதல் வார்த்தையாகச் சொன்னது, பாப்பாகிட்ட சொல்லாத.

அப்படியாவது புத்தி வந்ததா என்றால் இல்லை. பொங்கல் கழித்துத் திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குப் பழைய கார்கள் ஊர்வலமாகப் போகப் போகிறது, அதில் உன் பெயரும் அவர் பெயரும் கொடுத்திருக்கிறாய் அல்லவா. உரக்கடையில் சொல்கிறார், கோயிலில் சொல்கிறார், யாரைப் பார்த்தாலும் எம்பொண்ணு ஜெர்மனியிலேருந்து சீட் அனுப்பிருக்கா, நாங்க ரெண்டு பேரும் போறோம் என்கிறார். அதற்காகத் தனியாக உட்கார்ந்து பழகுகிறார். ஷெட்டில் மாட்டிக்கொண்டால் நான் இருக்கிறேன். சுண்ணாம்புக்கல் லாரி வரிசையாக வரும் ரோட்டில், கிளட்சிலிருந்து கால் எழும்பாமல் போனால் யார் இருக்கிறார்கள். எனக்கு ராத்திரி சோறு இறங்குவதில்லை. அந்த ஊர்வலத்துக்கு முன்னால் பழைய சீட்டைத் திரும்ப மாட்ட வேண்டும், எனக்கு வேண்டியது இது ஒன்றுதான். சுதர்சனிடம் தனியாகப் பேசிப் பார்த்தேன், அய்யா சொல்லாம கை வைக்க மாட்டேங்கம்மா என்றுவிட்டார்.

பழைய சீட்டைத்தான் இரும்புக் கடையில் போட்டாகிவிட்டதே என்று கேட்பாய். நீ போடச் சொன்னாய், போட்டுவிட்டேன் என்று அவரும் சொன்னார். முந்தாநாள் மோட்டாரை நிறுத்த நான் வயல் கொட்டகைக்குப் போனேன். இரண்டும் அங்கேதான் இருக்கிறது, சாக்குப் போட்டு மூடி. ஒன்றின் மேல் அவருடைய கண்ணாடியும் அன்றைய பேப்பரும். தினமும் வயலைப் பார்க்கிறேன் என்று போய் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆக அவருக்கும் தெரியும், உன்னிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். அத்தனை கேள்வி கேட்டாயே, அப்பா, காரில் எப்படி ஏறுவீங்க, எப்படி இறங்குவீங்க என்று ஒரு வார்த்தை கேட்டாயா. சரி, விடு. ஊருக்கு வந்ததும் நீதான் சொல்ல வேண்டும். அவருக்கு வயதாகிவிட்டது என்று சொல்லாதே, நான் எழுதினேன் என்றும் சொல்லாதே. இந்தச் சீட்டில் உட்கார்ந்தால் உனக்கு முதுகு வலிக்கிறது என்று சொல், பழைய சீட் இருந்தால்தான் ஊர்வலத்தில் அழகு என்று சொல். பொய்தான். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சொல்லியாகிவிட்டது, நீயும் ஒன்று சொல்.

குட்டிக்கு இருமல் நின்றதா, ஐஸ் தண்ணீர் கொடுக்காதே. கல்லங்குறிச்சிப் பெருமாள் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும், வந்து சேர்கிற வரைக்கும் அவர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, அப்பா ஆசைப்பட்டு நிற்பார், இருந்தாலும் அந்தப் பாலிதீன் கவரை நீ கிழிக்க வேண்டாம், கிழித்துவிட்டால் அப்புறம் அந்தச் சீட்டைக் கழட்ட விடமாட்டார்.

இன்னொன்று. பட்டறையில் சுதர்சன் எடுத்த போட்டோவை உன் போனில் முகப்பில் வைத்திருக்கிறாய், அப்பா புது சீட்டில் ராஜா மாதிரி சிரிக்கிறார் என்றாய். ஓரத்தில் அம்மாவின் வளையல் தெரிகிறது, போட்டோவுக்குள் தலையை நீட்டப் பார்த்தாயா என்று கேலி செய்தாய். பெரிதாக்கிப் பார். அவர் முதுகுக்குப் பின்னால் என் கைதான் இருக்கிறது, தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

என்றும் உன் நல்லதையே நினைக்கும்
அம்மா,
அ. தனம்