எடுத்த மீசையும் எடுக்காத போனும்

ராஜபாளையம்,
11.10.98

சௌந்தரபாண்டியன் மச்சானுக்கு காளிராஜ் எழுதுதேன்.

செப்டம்பர் ரெண்டாந்தேதி மதியம் ரெண்டு இருவத்தஞ்சுக்கு, மில்லு கரண்டு பேனல் ரூம்ல வச்சு, உங்க தங்கச்சி போயிட்டாங்கிற சேதி எனக்கு வந்துச்சு. எதுத்தாப்புல செவத்துல கடியாரம். அதான் நிமிசம் வரைக்கும் தெரியும். இந்த நேரத்தைப் பத்திப் பொறவு சொல்லுதேன்.

உங்க லெட்டர் நேத்து வந்துச்சு. சிங்கப்பூர்ல இருந்து எட்டு நாள் பறந்து வந்து என் மூஞ்சில துப்பிருச்சு. நான் மீசைய எடுத்ததுனாலதான் பரிபூரணம் செத்தாளாம். அதுனால பிள்ளை அத்தைகிட்டயே, உங்க அம்மாகிட்டயே வளரணுமாம், நான் கேட்டு வரக்கூடாதாம். அத்தை சொன்னதை அப்படியே எழுதிட்டீய. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டீயளா? மூச்சு மெஷினு அனுப்புனதே நீங்கதான?

நீங்க அதோட அனுப்புன புக்குல நாலாம் பக்கத்துலயே போட்டிருக்கான் மச்சான். மூக்குல மாட்டுற மாஸ்க்கோட ரப்பர் தோல்மேல ஒட்டி உக்காரணும், நடுவுல முடி இருந்தா காத்து கசியும்னு. தூக்கத்துல என் தொண்டை மூடிக்கிடுது, மணிக்கு முப்பது தடவை மூச்சு நிக்குதுன்னு மதுரை டாக்டர் சொன்னாரு. அந்தக் காத்து உள்ள போனாத்தான் தொண்டை தொறந்து நிக்கும். போகலைன்னா விடிய விடியப் படுத்தாலும் தூங்கின கணக்கு கெடையாது. பகல்ல நின்ன எடத்துல விழுந்துருவேன். இதை அத்தைக்குத் தமிழ்ல வரி வரியா வாசிச்சுக் காட்டினேன். பொண்டாட்டி வயித்துல பிள்ளை இருக்கும்போது புருசன் மூஞ்சில பிளேடு வைப்பானா, படிச்சவன் பேசுத பேச்சான்னு கேட்டாவ. மெஷினுக்கு வேணும்னா தாடி வளக்கச் சொல்லுன்னாவ. வீடே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன்.

பொறவு நானும் பரிபூரணமும் என்னென்னமோ செஞ்சு பாத்தோம். மீசையில வெளக்கெண்ணெய் தடவினோம். மாஸ்க்கு வழுக்கிக்கிட்டு நெத்திக்குப் போயிருச்சு. சைக்கிள் ட்யூப வெட்டி ரப்பருக்கு அடியில ஒட்டினேன். ஓரமாக் காத்து பீச்சி அடிச்சு கண்ணு செவந்து போச்சு. உங்க மீசைக்குள்ள யாரோ விசில் ஊதுதான், மேட்ச் எத்தனை மணிக்கு முடியும்னு உங்க தங்கச்சி கேப்பா. குழாய் தொங்குத மாஸ்க்க மாட்டிக்கிட்டா கோயில் யானை வந்திருக்கு, வாழைப்பழம் குடுக்கணும்பா.

மீசைய எடுத்தது நான் இல்ல மச்சான். அவ. எட்டாவது மாசம், ஒரு ஞாயித்துக்கெழமை காலையில என்னை நாற்காலியில உக்கார வச்சு, சோப்பப் போட்டு, அவளே வழிச்சா. தாடியத் தொடல, மாஸ்க்கு உக்கார்ற மேல் ஒதடு மட்டுந்தான். பாவம் வந்தா எனக்கு வரட்டும், எம் பிள்ளைக்கு மூச்சு நிக்காத அப்பன் வேணும்னா. அன்னைக்கு மாஸ்க்கு கப்புன்னு ஒட்டுச்சு. மூணு வாரம் மனுசனா இருந்தேன். மில்லுல மீசையில்லாத தாடியப் பாத்து, டெலிபோன் போர்டுல இருக்க பீர் மைதீன், வாங்க பாய், எப்ப நம்ம பக்கம் வந்தீயன்னு கேலி பண்ணுவான். எம்புட்டுக் கேலி பண்ணினாலும் வலிக்கல. முழிச்சிருந்தேன்ல?

வளைகாப்பு அன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல அத்தை பாத்துட்டாவ. கண்ணாடி வளையல் தட்டக் கையில வச்சுக்கிட்டே, எளவு வீட்டுக்காரன் மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு எம் மக விசேசத்துக்கு வந்து நிக்கியேன்னு கத்தினாவ. அம்புட்டு சனமும் என்னையப் பாத்துச்சு. பரிபூரணம், நான்தாம்மா எடுத்தேன்னு சொன்னா. ஏட்டி, வாய மூடுன்னுட்டாவ. அவ வயித்துமேல என் கைய வச்சு, பிள்ளை பெறக்குற மட்டும் இனி மீசையத் தொடமாட்டேன்னு சத்தியம் வாங்கினாவ. பி.ஈ. எலெக்ட்ரிக்கல் படிச்சவன் நான். காத்து எங்க கசியுதுன்னு தெரிஞ்சவன். சத்தியம் பண்ணினேன். உங்க அம்மாவ விட என்மேலதான் எனக்குக் கோவம், அதையும் எழுதிக்கிடுதேன்.

அவ பிரசவத்துக்கு அங்கேயே தங்கிட்டா. இங்க எனக்கு மீசை முள்ளு முள்ளா மொளச்சுச்சு. முழு மீசையாவது மடங்கிக் கெடக்கும், முள்ளு ரப்பரத் தூக்கியே விட்டுரும். அஞ்சு வாரம் உருப்படியாத் தூங்கல.

இப்ப அந்த நேரத்துக்கு வாரேன். இது அத்தைக்குத் தெரியாது.

அன்னைக்குப் பிள்ளை பெறந்தது பத்து நாப்பதுக்கு. பெறந்த பொறவு அவளுக்கு ரத்தம் நிக்கல. அவளுக்கும் எனக்கும் ஒரே குரூப், ஓ நெகட்டிவ். லேசுல கெடைக்காது, புருசன் பக்கத்துலயே இருக்கணும்னு சீட்டுலயே டாக்டரம்மா எழுதியிருந்தாவ. மதுரையில இருந்து ரத்தம் வர மணி ரெண்டாச்சு. அவ ஒண்ணு அம்பதுக்கே போயிட்டா. நான் இருந்த எடத்துல இருந்து ஆஸ்பத்திரிக்கு மோட்டார் சைக்கிள்ல இருவது நிமிசம். அத்தை பதினொண்ணு பத்துக்கு ஒரு தடவை, பதினொண்ணரைக்கு ஒரு தடவை, பன்னெண்டு அஞ்சுக்கு ஒரு தடவை மில்லுக்குப் போன் போட்டாவ. லைன் டெட்டாயிருச்சுன்னுதான் அவிய இன்னைக்கும் நெனச்சுக்கிட்டு இருக்காவ. பீர் மைதீன் அப்படித்தான் சொல்லியிருக்கான்.

லைன் டெட் இல்ல மச்சான். மூணு தடவையும் அவன் எனக்குக் கனெக்சன் குடுத்தான். மூணு தடவையும் என் மேசைமேல போன் அடிச்சுச்சு. என் தலைக்கும் போனுக்கும் ஒரு முழம். நான் தூங்கிக்கிட்டு இருந்தேன். ரத்தம்னு அத்தை அவன்கிட்டச் சொல்லல, உடனே வரச் சொல்லுங்கன்னு மட்டும் சொல்லியிருக்காவ. நான் மில்லு ஷெட்டுக்குள்ள நிப்பேன், திரும்பி வந்ததும் சொல்லிக்கிடலாம்னு அவனும் ஆளு அனுப்பல. சாவுச் சேதி வந்த பொறவு, ரெண்டு இருவத்தஞ்சுக்கு அவனே வந்து என் தோளத் தொட்டு எழுப்பினான். என்னைக் காப்பாத்தத்தான் அந்தப் பொய்யச் சொன்னான். அவனைக் கோவிச்சுக்கிடாதீய. மணிக்கு ஒரு தடவை நான் எழுதுத மீட்டர் ரீடிங் புக்குல பத்து மணி இருக்கு. பதினொண்ணு, பன்னெண்டு, ஒண்ணு, ரெண்டு காலி. யாரும் இன்னும் அதைப் பாக்கல. நான் தெனமும் பாக்கேன்.

பதினாறாம் நாள் காரியத்துல அத்தையே ஆள் வரச் சொல்லி எனக்குத் தாடி மீசை எல்லாம் வழிக்க வச்சாவ. அதுதான் மொறையாம். இப்ப மாஸ்க்கு ஒரு சொட்டுக் காத்து கசியல. நல்லாத் தூக்கம் வருது மச்சான். அதை நெனச்சாத்தான் அந்த மெஷினத் தூக்கித் தரையில அடிக்கணும்போல வருது. ஆனா அடிக்க மாட்டேன்.

எம் மகளுக்கு இன்னைக்கு முப்பத்தொம்பது நாள். ஒரே ஒரு தடவை தூக்கியிருக்கேன். போன வாரம் போனேன், மீசைய எடுத்த கையில குடுக்க மாட்டேன்னு அத்தை கதவ மூடிட்டாவ. மீசைக்காகன்னா அது என் பிள்ளை, நான் விட மாட்டேன். போன் அடிச்சது தெரியாமத் தூங்கினவனை நம்பி எப்படிக் குடுக்கன்னு கேட்டா, அது நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் வச்சிருக்கேன். அலாரத்தக் கண்டபடி நேரத்துக்கு வைக்கச் சொல்லி, பக்கத்து வீட்டுல தெனமும் குடுத்து வாங்குதேன். எப்ப அடிக்கும்னு எனக்குத் தெரியாது. ஒம்பது நாளாச்சு. ஒம்பது நாளும் மொத மணிக்கே எந்திரிச்சிட்டேன். பிள்ளை அழுதா எனக்குக் கேக்கும்.

அத்தைக்கு இதெல்லாத்தையும் நீங்களே எழுதுங்க. நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. தெரிஞ்ச பொறவு அவிய என்ன சொன்னாலும் தலையக் குனிஞ்சு கேட்டுக்கிடுதேன். ஆனா எம் மகளக் குடுக்கச் சொல்லுங்க மச்சான். உங்க பிள்ளைகளும் மதினியும் நல்லா இருக்கணும்.

பதில லெட்டர்லயே போடுங்க. சொந்தக்காரங்க வரிசையாக் கூப்பிட்டு மீசைக் கதையே பேசுதாங்க. வீட்டுப் போனோட ஒயரக் கழட்டி வச்சிட்டேன்.

காளிராஜ்