எத்தனையாவது மாடி

மார்ச் 4

பெரியவளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தம்பி பொண்டாட்டி எழுதுறா. நாங்க சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்குன்னு முதல்ல எழுது, மத்தது அப்புறம்.

போன்ல பேசலாமேன்னு நீ சொல்லுவே. போன்ல உன் குரல் எனக்குக் கொசு பாடுற மாதிரி கேக்குது. 'என்ன, என்ன'ன்னு நான் கத்த, அக்கம்பக்கம் சண்டைன்னு எட்டிப் பாக்க, வேண்டாம் அந்தக் கூத்து. கடுதாசின்னா மருமகள் காதுகிட்ட உட்கார்ந்து படிக்கிறா. ஒரு தடவை காதுல விழுந்தா எனக்கு மனசுல நின்னுடும், உனக்கே தெரியும்.

சின்னவன் ஊர் ஊராப் போய் விக்கிற வேலையில இருக்கான், வாரக் கடைசியில முகம் காட்டுறான். மருமகள் கவனிப்புல குறை சொல்ல முடியாது. ஹால்ல மடக்குக் கட்டில் போட்டிருக்கா. விடிஞ்சா அதை மடிச்சுச் சுவர் ஓரமா சாத்தணும், இல்லேன்னா நடக்க வழி இல்லை. அசந்து தூங்கினா என்னையும் சேர்த்து மடிச்சிடுவாளோன்னு சீக்கிரமே எழுந்துக்கறேன். இதையும் எழுதணுமான்னு கேக்குறா. எழுதுன்னேன்.

இந்த மாசத்தோட உனக்கு ஆபீஸ் முடியுது. வீட்டையும் வித்தாச்சு. சாமானைக் குறைச்சுட்டுச் சின்ன வீட்டுக்குப் போகணும், அதுவரைக்கும் ஒரு மாசம் தம்பி வீட்டுல இருங்கப்பா, தூசி உங்களுக்கு ஆகாதுன்னு அனுப்பி வெச்சே. வாயை மூடிக்கிட்டு வந்தேன். வீடு மாத்துற லாரியில பீரோவும் மூட்டையும் தூக்கியே முதுகு வளைஞ்சவன் நான். என்னைத் தூசி என்ன பண்ணும்? சரி, அது போகட்டும்.

நீ கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றேன். கண்ணாடி அலமாரியை இழுக்காதே, தூக்கு. பின்கால் ஒண்ணு நொண்டி, அதுக்கு அடியில அட்டையை மடிச்சு வெச்சிருக்கேன். இழுத்தா கண்ணாடி உன் கால்ல விழும். பீரோ மேல இருக்கிற தகரப்பெட்டியில என்னன்னு கேட்டியாம். அதுக்குள்ள இன்னொரு பெட்டி. அதுக்குள்ள ஒரு தோல் பை. தோல் பைக்குள்ள மடிச்சு வெச்ச துணிப்பை. உங்கம்மா யாரையும் சும்மா இருக்க விடமாட்டா, காலிப் பெட்டி உள்பட. மொத்தமாத் தள்ளிடு. அவ தையல் மிஷினையும் யாருக்காவது குடுத்துடு. மிதிக்க ஆள் இல்லாத மிஷினைத் துடைக்க மட்டும் ஆள் வேண்டியிருக்கு. ஜன்னலோரம் இருக்கிற என் மர நாற்காலியை மட்டும் விட்டு வை.

ஒண்ணே ஒண்ணு சொல்லு. எங்க தொழில்ல வண்டி பேச வர்றவங்களை முதல்ல கேக்குறது, 'புது வீடு எத்தனையாவது மாடி?' சாமான் எவ்வளவுன்னுகூட அப்புறம்தான் கேப்போம். நீ புது வீட்டைப் பத்தி எல்லாம் சொன்னே. நல்ல வெளிச்சம்னே, தண்ணிக்குக் கஷ்டம் இல்லைன்னே. மாடி சொல்லலை. என் இடுப்பு இருக்கிற லட்சணம் உனக்குத் தெரியும். மறக்காம எழுது.

சொன்னது அப்பா
எழுதியது மருமகள்


மார்ச் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அலமாரியைத் தூக்கச் சொன்னேன். நொண்டிக்கால் நீங்கள் சொன்ன மாதிரியே அட்டையோடு வந்தது. கண்ணாடி தப்பியது. அம்மாவின் பெட்டிக்குள் பெட்டியைத் திறந்து கடைசித் துணிப்பை வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் ஒரு சின்னத் துணிப்பை இருந்தது. அதை நீங்கள் சொல்லவில்லை. அம்மா உங்களையும் ஏமாற்றிவிட்டாள்.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஆபீசில் என் மேசையைக் காலி செய்தேன். இத்தனை வருஷத்துக்கு ஒரு கைப்பைதான் தேறியது. வீடு அப்படி இல்லை. எத்தனை எடுத்தாலும் அறைகள் காலியாகவே மாட்டேன் என்கின்றன. ஒரு வீட்டுக்கு இவ்வளவு கயிறு எதற்கு அப்பா? பரண் முழுக்க உங்கள் லாரிக் கயிறுதான். பழைய சாமான்காரர் பார்த்துவிட்டு, 'இங்கே யானை கட்டியிருந்தீங்களா அம்மா' என்று கேட்டார்.

நாற்காலியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். உங்கள் கட்டிலைப் பற்றித்தான் யோசனையாக இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒருவர் கேட்கிறார். பெரிய கட்டில், புது வீட்டு வாசலில் நுழையுமோ என்னவோ. கொடுத்துவிடட்டுமா?

வீடு நல்ல அமைதியான தெருவில் இருக்கிறது. மற்றதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். மாத்திரையைத் தவற விடாதீர்கள்.

உங்கள் மகள்

தம்பி மனைவிக்கு: இந்த இரண்டாவது தாள் உனக்கு மட்டும். அப்பாவுக்குப் படிக்காதே.

அது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒரே ஒரு அறை. ஒரு மாதம் என்று உங்களிடம் சொன்னது உண்மையில்லை. அவரைத் திரும்ப அழைத்துக்கொள்கிற எண்ணம் எனக்கு இல்லை. எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை. நீ மெதுவாக அவரை அங்கேயே பழக்கு. கட்டில் போய்விட்டது என்று தெரிந்தால் அவரே புரிந்துகொள்வார். என்மேல் கோபப்படாதே.


மார்ச் 17

பெரியவளுக்கு,

கடுதாசி வந்தது. மருமகள் பக்கத்துல உட்கார்ந்து படிச்சா. துணிப்பைக்குள்ள துணிப்பை கேட்டுச் சிரிச்சேன். யானை கேட்டும் சிரிச்சேன்.

முதல் தாள் முடிஞ்சது. ரெண்டாம் தாளை எடுத்தா. கண்ணு மேலேர்ந்து கீழே இறங்குச்சு. வாய் திறக்கலை. 'அவ்வளவுதான் மாமா'ன்னா. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, படிக்கிற கண்ணு எப்படி நகரும்னு நல்லாத் தெரியும். அந்தத் தாளுல என்னம்மான்னு கேட்டேன். 'அண்ணி கையெழுத்துப் போட்டிருக்காங்க'ன்னா. அவ்வளவு நீளக் கையெழுத்தான்னேன். அடுப்பை அணைக்கணும்னு எழுந்து போயிட்டா. அடுப்புல ஒண்ணும் இல்லை.

அவளை நான் நோண்டப் போறதில்லை. அவ வாயால வர வேண்டிய சேதி இல்லை அது. இப்பவும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு அவதான் எழுதுறா. ஒரு சொல்லும் விடாம எழுதுன்னு சொல்லியிருக்கேன்.

ஒரு வீடு காலி பண்ணப் போயிருந்தோம். நீ அப்போ பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்தே. பெரிய வீடு, பச்சைக் கதவு. எல்லாச் சாமானும் ஏத்தியாச்சு. நடு அறையில ஒரு பெரியவர் மட்டும் நாற்காலியில உட்கார்ந்திருந்தார். ஜன்னல்ல திரைகூட இல்லை, வெயில் நேரா அவர் மடியில விழுந்துச்சு. 'ஐயா, கொஞ்சம் எழுந்திருங்க'ன்னேன். எழுந்து நின்னார். நாற்காலியைக் கொண்டுபோய் ஏத்தினேன். வண்டி கிளம்புற நேரத்துல, 'அவர்?'னு கேட்டேன். 'அவரைக் கூட்டிட்டுப் போக வேற ஏற்பாடு இருக்கு'ன்னு அந்த வீட்டு மகன் சொன்னான். என்ன ஏற்பாடுன்னு நான் கேக்கலை. கூலிக்காரன் கேக்குற கேள்வியா அது? புது வீட்டுல அந்த நாற்காலியை எங்கே போடணும்னு கேட்டேன். 'நேரமாச்சு, வண்டியை எடுங்க'ன்னான்.

முடிவாகாத சாமானை நாங்க வாசல்ல வெச்சிடுவோம். அவசரத்துல போறவன் வர்றவன் எல்லாம் அதுலதான் இடிச்சுக்குவான். யாராவது எரிச்சல்பட்டு, ஏத்து இல்லேன்னா எறின்னு சொல்ற வரைக்கும் அது அங்கேயேதான் கிடக்கும். உன் வாசல்ல இப்போ என்ன கிடக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே.

கட்டில் நுழையுமான்னு கேட்டே. உங்கம்மாவும் மாப்பிள்ளையும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தப்புறம், நான் உன் வீட்டுக்கு வந்த அன்னைக்கு அந்தக் கட்டிலைப் பிரிச்சு எடுத்துட்டு வந்தேன். கால் தனி, சட்டம் தனி, பலகை தனி. உன் வாசல்ல உட்கார்ந்துதான் திரும்பப் பூட்டினேன். மரை ஆணியை ஒரு பவுடர் டப்பாவுல போட்டுப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா எடுத்து என் கையில குடுத்தது யாரு? நீதான். நீலப் புடவை. தலை நனைஞ்சிருந்துச்சு. அந்தக் கட்டில் எந்த வாசல்லயும் நுழையும்னு உனக்குத் தெரியும்.

அதனால கட்டில் நுழையாதுன்னு எழுதாதே. எது நுழையாதோ அதை எழுது. மறுபடியும் கேக்குறேன். எத்தனையாவது மாடி?

சொன்னது அப்பா
எழுதியது மருமகள்

அண்ணிக்கு, இது என் சொந்த எழுத்து. மாமா வெளியில வெயில்ல உட்கார்ந்திருக்கார். இனிமே எனக்கு மட்டும்னு எதையும் எழுதாதீங்க. பொய் சொல்லச் சொன்னாக்கூடச் சொல்லிடுவேன். அவர் என் கண்ணையே பார்த்துக்கிட்டிருக்கும்போது சும்மா உட்கார்ந்திருக்க முடியலை. அடுத்த கடுதாசியை முதல் எழுத்திலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் படிச்சிடுவேன். தெரிஞ்சு எழுதுங்க.


மார்ச் 22

அப்பா,

மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை.

எழுதிவிட்டேன். இனி மற்றதை எழுதுவது கொஞ்சம் சுலபம்.

என் கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் படுக்கையில் விழுந்தார். அவர் போனதும் உங்கள் மாப்பிள்ளை. அவரும் போனதும் நீங்கள் கட்டிலோடு வந்தீர்கள். வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்ல நினைக்கவும் இல்லை. நீங்கள் எனக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. உங்கள் தட்டை நீங்களே கழுவினீர்கள். ஆனால் அப்பா, அடுத்த அறையில் யாராவது இருமுகிறார்களா என்று ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கித்தான் எனக்குப் பழக்கம். இருமினால் எழுந்து வருவேன். இருமாவிட்டாலும் எழுந்து வருவேன், ஏன் இருமவில்லை என்று. ஆபீஸ் முடியப் போகிறது என்றதும் முதலில் தோன்றியது, இரண்டு காதையும் மூடிக்கொண்டு தூங்க வேண்டும் என்பதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதாமல் விடலாம், உங்களுக்குத் தெரியவே போவதில்லை. அதே கட்டிடத்தில் கீழேயே ஒரு வீடு காலியாக இருந்தது. கதவைத் திறந்து காட்டினார்கள். படி இல்லை, உங்களுக்கு வசதியான ஜன்னல்கூட இருந்தது. 'மேலே ஏதாவது இருக்கிறதா' என்று நான்தான் கேட்டேன். இந்த முழங்காலோடு படி ஏறும்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் ஏறினேன்.

மற்ற எல்லாவற்றையும் கொடுத்தாகிவிட்டது. மாதக் கடைசியில் லாரி வருகிறது. உங்கள் கட்டிலும் நாற்காலியும் வாசலில்தான் இருக்கின்றன. வரும்போதும் போகும்போதும் இடித்துக்கொள்கிறேன். திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்


மார்ச் 26

பெரியவளுக்கு,

மருமகள் முழுசாப் படிச்சா. நடுவுல அவ குரல் உடைஞ்சுது, ஆனா ஒரு சொல் விடலை. இன்னொரு தடவை படிக்கட்டுமா மாமான்னு கேட்டா. வேண்டாம்னேன். ஒரு தடவையே ஜாஸ்தி.

அதுக்கப்புறம் அவ தட்டை வெச்சா, சாப்பிட்டேன், கழுவி வெச்சேன். தட்டைக் கழுவும்போது நீ எழுதினது ஞாபகம் வந்து கழுவாமலே விட்டிருக்கலாமோன்னு தோணுச்சு.

மூணாவது மாடின்னு மட்டும் எழுதியிருந்தா, அவளுக்கு வசதிக்கேத்த வீடு அதுதான் கிடைச்சுதுன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டு இருந்திருப்பேன். கீழ்வீடு காலியா இருந்ததை எழுதினே பாரு. அதுக்குத்தான் எனக்குக் கோபம். இந்தப் பதிலும் அதுக்குத்தான். பரவாயில்லைன்னு சொல்லமாட்டேன், பெரியவளே. தொண்டையில நிக்குது. இறங்குறப்போ இறங்கட்டும்.

நீ என் இருமலுக்குக் காது வெச்சது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? வாசல் பக்கம் உன் நிழல் வந்து நிக்கும். நீ நிக்குறேன்னு தெரிஞ்சு வர்ற இருமலை அடக்கியிருக்கேன். நீ அது ஏன் வரலைன்னு மறுபடியும் வந்து நிப்பே. ஆக, ரெண்டு பேருமே தூங்கலை.

கட்டிலை இங்கே அனுப்பு. இது நான் சொன்னது இல்லை, எழுதுறவ சொன்னது. தினமும் அந்த மடக்குக் கட்டிலை மடிச்சு அவளுக்குக் கை போச்சாம். ஹால்ல இருக்கிற சோபாவைத் தள்ளிட்டு அங்கே கட்டிலைப் போடணும்னு சின்னவன்கிட்ட நேத்துப் பிடிவாதமா நின்னா. வர்றவங்க எங்கே உக்காருவாங்கன்னு அவன் கேட்டான். 'மாமா கட்டில்ல உக்காரட்டும், அவருக்கும் பேச்சுத் துணை'ன்னா. சோபாவை யாரு தூக்குறதுன்னான். 'தொழில் தெரிஞ்சவர் பக்கத்துல நின்னு சொல்லுவார், நீங்க தூக்குங்க'ன்னா. அவன் சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டான். கட்டிலைப் பிரிச்சப்புறம் மரை ஆணியைப் பழையபடி டப்பாவுல போட்டு மூடி, கட்டில் காலோட சேர்த்துக் கட்டு. கயிறு இல்லைன்னு சொல்லாதே.

நாற்காலி உன்கூட வரட்டும். ஆனா மேலே ஏத்தக்கூடாது. கீழே, படிக்கட்டுக்கு அடியில போடு. அங்கே இருக்கிறவங்க கேட்டா, எங்கப்பாவோடதுன்னு சொல்லு. லாரிக்காரங்களை அதைக் கடைசியா ஏத்தச் சொல்லு. கடைசியா ஏத்தினதுதான் முதல்ல இறங்கும்.

சின்னவன் என்னிக்காவது ஒரு நாள் என்னை வண்டி வெச்சுக் கூட்டிட்டு வருவான். முன்கூட்டிச் சொல்லமாட்டேன். உன் வீட்டுக்கு நான் வரமாட்டேன், அந்த நாற்காலியில உட்கார்ந்திருப்பேன். பேர் சொல்லிக் கூப்பிட்டு மானத்தை வாங்கமாட்டேன். ஒரு தடவை இருமுவேன். அடக்காம.

காதுல விழுந்தா இறங்கி வா.

சொன்னது அப்பா
எழுதியது மருமகள்