வில் தேய்க்கிற மிஷின்

மஸ்கட்

அத்தானுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் மூச்சிளைப்பும் அத்தையின் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன? போனில் திட்டினால் "டவர் இல்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் மிஷின் பெட்டிக்குள்ளேயே இதை வைத்து அனுப்புகிறேன்.

"ஏளா, பெல்ட் சாண்டரே வாங்கு, வெரசா தேச்சிரும்" என்று எத்தனை தடவை சொல்வீர்கள்? போன தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்காக இரவல் பெல்ட் சாண்டரில் நீங்கள் தேய்த்த வில்தானே ஒரு பக்கம் மெலிந்துபோய், குலசை கோயில் வாசலில் வேடன் வேஷக்காரர் இழுத்ததும் முறிந்தது? அதனால் வட்டமாகச் சுற்றித் தேய்க்கிற ஆர்பிட்டல் சாண்டர்தான் வாங்கியிருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்க்கும். உங்கள் இளைப்புக்காகத் தூசி பிடிக்கிற பை உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். கடையில் ஓட்டிப் பார்த்தபோது என் துப்பட்டா நுனியைக் கடித்துவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

முகமூடி போடாமல் மிஷினைத் தொடாதீர்கள். முதல் தடவை ஓட்டும்போது எனக்குப் போன் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். வீட்டுச் சத்தம் கேட்டு நாளாகிறது.

லீவில் ஊருக்கு வரும்போது பெட்டியைக் கொண்டுவரும் விஜிலா வாசலில் அவசரப்படுத்துகிறாள். கட்டிலில் என் பக்கத்தில் விற்களையெல்லாம் அடுக்கி வைத்திருப்பதாக அத்தை சொன்னார்கள். எடுத்துவிடுங்கள். அது நான் படுக்கிற இடம்.

முருகேஸ்வரி