போடிமெட்டில் ஏற்றாத தீ

மாப்ளே,

இன்று காலையில் மண்ணெண்ணெய் வாசனை வீட்டுக்குள் வந்தது. எட்டிப் பார்த்தால் பள்ளிவாசல் ஆட்கள் வாசலில் பொதிமாட்டை நிறுத்தி, அதன் முதுகில் தகர டின்னைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாளைக்குப் பிறை பார்க்க வேண்டும், விறகும் எண்ணெயும் இன்றே மெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றார்கள். "பிறை எந்தப் பக்கம் நிக்கும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கீகளா அண்ணே?" என்று ஒருவர் கேட்டார். போட்டு வைத்திருக்கிறேன் என்றேன். அவர்கள் போன பிறகும் அந்த வாசனை போகவில்லை, எனக்கு வேறு வேலையும் ஓடவில்லை. உன்னோடு பேசி எவ்வளவு காலமாகிறது! இன்றைக்குப் பேசிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

வெளியூர்க்காரர்களிடம் இந்தத் தீ விஷயத்தைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நம் ஊருக்கு மேற்கே மலை சுவராக நிற்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் முதல் பிறையும் கூடவே இறங்கிவிடும். போடியில் நின்று தேடுகிறவனுக்குக் கழுத்துவலிதான் மிச்சம். அதனால் நோன்பு மாதம் முடிகிற சமயம் இரண்டு பேர் மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டுக்கு ஏறுவார்கள். அங்கே மேற்கு வானம் திறந்து கிடக்கும். இரண்டு பேரும் பிறையைப் பார்த்தால் தீ மூட்டுவார்கள். கீழே ஊரே மலையைப் பார்த்தபடி நிற்கும். தீ தெரிந்தால் விடிந்தால் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள் நோன்பு. நமக்கு இது ஊர்வழக்கம். இதைச் சர்வகலாசாலைப் படிப்புக்குள் கொண்டுபோய் வைத்தவன் நீ ஒருவன்தான்.

பட்டணத்துக் காலேஜில் நான் கணிதம் எடுத்தேன், நீ அரபும் முகம்மதிய சரித்திரமும் எடுத்தாய். தன் ஏலக்காய் யாவாரத்தைப் பார்க்க வேண்டிய பிள்ளை இதைப் படித்து என்ன செய்யப் போகிறான் என்று உன் அத்தா என்னிடம் கேட்டார். என்னமோ செய்வான் மாமா என்று சமாளித்தேன். எனக்கே தெரியாது. உன் வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் உருது பேசுகிறவர்கள். தமிழ் பேசுகிற ராவுத்தர் பிள்ளை நீ ஒருவன். உனக்கு அரபு சொல்லிக்கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. பைபிள் படித்த வாயால் அவர் குர்ஆன் ஓதுவதை நீ எனக்கு நடித்துக் காட்டுவாய். சிரித்துவிட்டு, உடனே முகம் மாறி, "ஆனா மனுசன் ஒரு எழுத்தையும் தப்பா சொல்லமாட்டாரு மாப்ளே" என்பாய்.

அந்தத் துரையோடு உனக்கு நடந்த சண்டையைத்தான் நான் அதிகம் ரசித்தேன். இஸ்லாம் என்பது கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் எழுதிய நூல்களில் இருக்கிறது, உங்கள் போடியில் இருப்பது வெறும் பழக்கம் என்றாராம். நீ எழுந்து, "அந்த நூலை எழுதினவர்களும் ஏதோ ஓர் ஊர்க்காரர்கள்தானே ஐயா" என்றாயாம். அவர் கோபப்படவில்லை. அப்படியானால் எழுதிக் கொண்டுவா என்றார். ஓர் ஊரில் பார்த்த பிறை இன்னோர் ஊரைக் கட்டுப்படுத்துமா, பள்ளிவாசல் மினாரில் ஏற்றிய விளக்கைச் சாட்சியாகக் கொள்ளலாமா என்று பழைய அறிஞர்கள் போட்ட வாதங்களையெல்லாம் தேடி எடுத்து, அவற்றின் நடுவே நம் மெட்டுத் தீயைப் பொருத்தி எழுதினாய். துரை ஓரத்தில் எழுதியிருந்தது ஒரே கேள்வி: இதை யார் பார்த்தது?

அது உன்னைப் பிடித்துக்கொண்டது. நபி சொன்னதாக வரும் ஒவ்வொரு சொல்லுக்கும், இன்னார் இன்னாரிடம் நேரில் கேட்டார் என்று ஒரு சங்கிலி உண்டு, அதில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அந்தச் சொல்லைத் தள்ளி வைப்பார்கள் என்று நீதான் எனக்கு விளக்கினாய். விளக்கியதோடு விட்டாயா? லீவுக்கு ஊருக்கு வரும்போது வண்டிக்காரர், குரங்கணிப் பாதையில் புலி இறங்கிவிட்டது என்று சொல்லித் தொலைத்தார்.

"புலியப் பாத்தது யாரு?" என்றாய்.

"எங்க மச்சான் சொன்னாப்ல."

"மச்சான் பாத்தாரா?"

"அவருகிட்ட தோட்டத்துக் கங்காணி சொன்னாராம்."

"கங்காணி பாத்தாரா?"

"அட, என்னப்பா இது போலீஸ் கச்சேரி விசாரணை மாதிரி? புலி இல்லேன்னா இல்லேன்னு வச்சுக்க!" என்று அவர் மாட்டை ஓங்கித் தட்டினார். நான் வைக்கோலில் விழுந்து சிரித்தேன். இன்றைக்கும் ஊரில் யாராவது வதந்தி கொண்டுவந்தால் அந்தச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் பக்கத்தில் நீ இல்லை என்பதும் தெரிகிறது.

அந்தக் கட்டுரைதான் உன்னைச் சீமைக்கு அனுப்பியது. அங்கே போய் மேலே படிக்க சர்க்கார் உதவி கிடைத்தது. கப்பலுக்கு நாள் குறித்தாயிற்று. ஆவணி மாதம், நோன்பின் கடைசி. பிறை பார்க்கும் நாளுக்கு மறுநாள் மத்தியானம் நீ வண்டி ஏறியாக வேண்டும். விடிந்தால் பெருநாள் என்று அமைந்துவிட்டால் காலையில் தொழுதுவிட்டு, உன் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் புறப்படலாம். அமையாவிட்டால் வெறும் வயிற்றோடு போக வேண்டும். திரும்பிவர எத்தனை வருஷமோ. அத்தை என்றே நான் கூப்பிடும் உன் அம்மாவுக்குப் பதினைந்து நாளாக இதே பேச்சு. அந்த வருஷம் மெட்டுக்கு ஏறும் இருவரில் ஒருவனாக உன்னையே ஊர் அனுப்பியது. இன்னொருவர் பொதிமாடு ஓட்டுகிற உன் தாய்மாமா. நான் கணக்குப் போட்ட காகிதத்தோடு சும்மா ஒட்டிக்கொண்டு வந்தேன்.

மெட்டில் மேகம் அடைத்துக் கிடந்தது. சூரியன் விழுந்த இடத்துக்குச் சற்று இடக்கைப் பக்கம் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். மூவரும் அதையே பார்த்து நின்றோம். உன் கண்ணாடியில் பனி படிந்தது. கழற்றி வேட்டி முனையில் துடைத்தாய். அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது. உன் மாமா கத்தினார்: "அந்தா! அந்தா நிக்குது!" நானும் பார்த்தேன். நீ கண்ணாடியை மாட்டி நிமிர்ந்தபோது மேகம் மூடிவிட்டது. அதன் பிறகு திறக்கவே இல்லை.

மாமா தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். "நான் பாத்துட்டேன். நீயும் பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுடா, வெரசா பத்த வைப்போம். கீழ ஒங்கம்மா மலையவே பாத்துக்கிட்டு நிப்பா."

"நான் பாக்கலை மாமா."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"நீங்க பாத்தீக. அது எனக்குத் தெரியும். ஆனா நான் பாக்கலையே."

எனக்குப் பொறுக்கவில்லை. என் கண் கணக்கில் சேராது, பிறைக்குச் சாட்சி சொல்ல உங்கள் மார்க்கத்து ஆள்தான் வேண்டும். அது தெரிந்துதான் ஏறியிருந்தேன். இருந்தும் உறுத்தியது. "நான் சொன்ன எடத்துலதான் நின்னுச்சு மாப்ளே. என்னைய நம்பலையா?" என்றேன்.

"ஒன்னைய நம்பாம யார நம்பப் போறேன்?" என்றாய். "நம்புனதெல்லாம் பாத்ததாயிருமா?"

மாமா தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு விறகு அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒன்னையப் படிக்க வச்சிருக்கவே கூடாதுடா" என்றார். நீ கீழே, ஊர் இருந்த திசையைப் பார்த்தபடி நின்றாய். அழுதாயா என்று எனக்குத் தெரியாது. உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

விடிந்து இறங்கி வந்தபோது அத்தை கதவருகே நின்றிருந்தார்கள். உள்ளே மசாலா அரைத்து மூடி வைத்திருந்த வாசனை. மாமா எல்லாவற்றையும் ஒப்பித்தார். அத்தை உன்னிடம் மட்டும் கேட்டார்கள்: "நீ பாக்கலையாய்யா?"

"பாக்கலைம்மா."

"அப்பச் சரி" என்றார்கள். அவ்வளவுதான். உள்ளே போய், நோன்பு திறக்கக் கஞ்சியைக் காய்ச்சிச் சட்டியில் ஊற்றித் துணி கட்டிக் கொண்டுவந்து வண்டியில் வைத்தார்கள். எனக்கு உன் மேல் இருந்த கோபமெல்லாம் அந்தச் சட்டியைப் பார்த்ததும் போய்விட்டது.

ரயிலடி வரைக்கும் நானும் வந்தேன் அல்லவா. தேனியைத் தாண்டியதும் பொழுது சாய்ந்தது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பிறை நல்ல உயரத்தில், தடித்துத் தெரிந்தது. முந்தின நாளே பிறந்துவிட்ட பிறை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். நீ வண்டியை விட்டு இறங்கி ரோட்டிலேயே நின்று பார்த்தாய். கஞ்சியைக் குடித்துவிட்டு, "நேத்து நீ பாத்தப்ப எப்படி இருந்துச்சு மாப்ளே? சொல்லு" என்றாய். சொன்னேன். வெட்டிப்போட்ட நகத் துண்டு மாதிரி, மேல்முனை மட்டும் மேகத்துக்குள்ளே இருந்தது என்றேன். திரும்பவும் சொல்லச் சொன்னாய். மூன்றாம் தடவை கேட்டபோது ரோட்டு மண்ணில் விரலால் வரைந்தே காட்டினேன். மறுநாள் பெருநாளை வழியில் ஏதோ ஓர் ஊர்ப் பள்ளிவாசலில், முகம் தெரியாதவர்களோடு தொழுதாய். யாரோ கையில் திணித்த பலகாரத்தைக் கொண்டுவந்து பாதி எனக்குத் தந்தாய்.

சீமையிலிருந்து நீ எழுதியதெல்லாம் குளிரும் மூடிய வானமும்தான். இங்கே பிறையே கண்ணில் படுவதில்லை, உன் கணக்கு என்ன சொல்கிறது என்று கேட்டு எழுதினாய். சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டு அனுப்பினேன். அப்புறம் யுத்தம் வந்தது, கடிதம் குறைந்தது. யுத்தம் முடிகிற சமயம் உலகமெல்லாம் விஷக் காய்ச்சல். துரையிடமிருந்து உன் அத்தாவுக்குத் தந்தி வந்தது.

பள்ளிவாசலில் உனக்காக ஓதினார்கள். ஊரே வந்தது. அத்தை மட்டும் அழவில்லை. அழாமல் இருக்கிறாளே, புத்தி பேதலித்துவிடும் என்று பயந்து, உன் தாய்மாமா என்னைத் தேடி வந்தார். "நீ போய்ச் சொல்லு அப்பு. நீ சொன்னா கேப்பா."

போனேன். தந்தி அத்தையின் மடியில் இருந்தது. என்னை உட்காரச் சொன்னார்கள்.

"பெருநாள விட்டுட்டுப் போனான் எம்பிள்ளை. ஏன் போனான்? ஒரு சாட்சி கொறைஞ்சதுன்னு போனான். அன்னைக்கி அவன் சொன்னத நான் ஒத்துக்கிட்டேனா இல்லையா?"

"ஒத்துக்கிட்டீக அத்தை."

"இன்னைக்கி ஒரு துண்டுக் காயிதத்தக் கொண்டாந்து அழு அழுங்கிறாக. யாரு பாத்தது? நீ பாத்தியா?"

வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். துரை பொய் சொல்கிறவர் இல்லை, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றெல்லாம். 

"பாக்கலை அத்தை" என்றேன்.

"அப்பச் சரி" என்றார்கள். "சாப்பிட்டுப் போ."

அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மாப்ளே. கடைசிவரை அழவில்லை. அத்தைக்கு உன் மேல் இருந்த நம்பிக்கை எனக்கு இல்லை. தந்தியை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். எத்தனையோ சாயங்காலம் தோட்டத்தில் தனியாக உட்கார்ந்து, நீ வேண்டும் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். ஆனால் ஏலக்காய்ச் சந்தையிலோ வண்டிப்பேட்டையிலோ, பழைய ஆட்கள் யாராவது உன்னைப் பற்றி விசாரித்தால், நீ இல்லை என்று என் வாயால் நான் சொன்னதே கிடையாது. சீமைக்குப் படிக்கப் போனான் என்கிறேன். அப்புறம் என்று கேட்டால், அம்மையநாயக்கனூரில் ரயில் ஏறினான், ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான் என்கிறேன். நான் பார்த்தது அதுவரைக்கும்தான்.