மேல்வீட்டுச் சுவரில் ஒரு ஜனாதிபதி

பீலெஃபெல்ட், ஜேர்மனி, ஞாயிறு இரவு

பேசாமல் இருந்தது போதும் என்றுதான் இன்று வாயைத் திறந்தேன். விருந்துக்கு அழைத்த மேல்வீட்டுப் பிலிப்பைன்ஸ்காரி ரோசா அக்கா, விமான விபத்தில் இறந்த தங்கள் பழைய ஜனாதிபதியின் படத்தைக் காட்டிப் புகழ்ந்தார்.

"கிளர்ச்சிக்காரரை அழித்தவர்தானே?" என்றேன். ஜனாதிபதி என்றாலே எனக்கு இலங்கையில் எங்கள்மேல் குண்டு போட்டவர்கள்தான்.

"என் அப்பாவும் கிளர்ச்சிக்காரர். சரணடைந்தவருக்குக் காணி கொடுத்து வாழவிட்டவர் இவர்தான்," என்றவரின் கண் கலங்கிவிட்டது.

படியிறங்கும்போது மனைவி, "சோறு போட்ட மனுசியை அழப் பண்ணிப்போட்டியள். போய் மன்னிப்புக் கேளுங்கோ," என்றாள்.

"ஏலாது."

என் தம்பியும் போர் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்தவன்தான். அவன் எங்கே என்றுகூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அக்காவின் அப்பா வீடு திரும்பியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நேரில் போய்க் கேட்க ஏலாது என்று மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டேன். மேல்வீட்டுக்குத்தான், ஆனாலும் முத்திரை ஒட்டித் தபாலில் போடுவேன். யார் எழுதியதென்று அக்காவுக்கு விளங்கும்; கையெழுத்துப் போட மாட்டேன்.